பெர்ரி கேப்ஸ்யூல் மூளையைக் காக்குமா? நாவல், நெல்லி, மல்பெரி... நம்ம ஊர்ப் பழங்களோட கணக்கு!

'ஞாபகமறதியா? தினமும் ஒரே ஒரு கேப்ஸ்யூல் போதும்!' - ரீல்ஸை நாலு தடவை தள்ளினால், ஐந்தாவதாக இப்படி ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது. ஊதா நிறப் பழங்கள் தண்ணீரில் விழுந்து தெறிக்கும். பக்கத்தில் ஒரு மூளை பளபளவென்று மின்னும். கீழே, 'இன்று மட்டும் ஆஃபர்'.

திருப்பூர் ராயபுரத்தில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிற ஒருவருக்கு, சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வந்த நேரத்தில் இந்த விளம்பரம் கண்ணில் படுகிறது என்று வையுங்கள். வீட்டில் அம்மாயி கொஞ்ச நாளாகவே சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். 'ஒரு டப்பா வாங்கிக் கொடுத்துதான் பார்ப்போமே' என்றுதான் யாருக்கும் தோன்றும்.

வாங்கலாமா? விளம்பரம் சொல்வது முழுப் பொய் இல்லை. பெர்ரி பழங்களுக்கும் மூளைக்கும் இருக்கும் தொடர்பை 25 வருடங்களுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். நல்ல அறிகுறிகளும் கிடைத்திருக்கின்றன. ஆனால், அந்த ஆய்வுகள் சொன்னதற்கும் டப்பாவில் எழுதியிருப்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எதுங்க பெர்ரி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தாவரவியல் கணக்குப்படி, ஒரே பூவின் சூலகத்திலிருந்து உருவாகி, சதைக்குள் விதை புதைந்திருக்கும் பழம்தான் 'பெர்ரி'. அந்தக் கணக்கில் தக்காளி பெர்ரி, கத்திரிக்காய் பெர்ரி, திராட்சை பெர்ரி, ஏன்... வாழைப்பழம்கூட பெர்ரிதான். வேடிக்கை என்னவென்றால், பெயரிலேயே பெர்ரியை வைத்திருக்கும் ஸ்ட்ராபெர்ரியும் ராஸ்பெர்ரியும் அந்த இலக்கணத்துக்குள் வராது!

கடைக்காரருக்கும் நமக்கும் இந்த இலக்கணம் தேவையில்லை. சின்னதாக, சாறு நிறைந்து, சிவப்பு - ஊதா - கறுப்பு நிறத்தில் இருந்தால் பெர்ரி என்கிறோம். ஆய்வாளர்களுக்கும் பிடித்தது அந்த நிறம்தான். அதன் பெயர் ஆந்தோசயனின்.

சாயத்துக்குள் என்ன இருக்கு?

ஆந்தோசயனின் ஒரு இயற்கைச் சாயம். நாவல் பழம் தின்றால் நாக்கு ஊதாவாகிறதே, அதற்குக் காரணம் இதுதான். வெள்ளை பனியனில் நாவல் கறை பட்டு, சோப்பு போட்டுத் தேய்த்தால் கறை நீலமாக மாறும். புளிப்புத் தன்மையில் சிவப்பாகவும், காரத் தன்மையில் நீலமாகவும் மாறுவது ஆந்தோசயனினின் குணம். சாயப்பட்டறையில் பி.எச். பார்த்துச் சாயம் கலக்கிற ஊருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சூடு, வெளிச்சம், காற்று மூன்றும் பட்டால் இந்தச் சாயம் வெளிறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கேப்ஸ்யூல் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

மூளைக்கும் இந்தச் சாயத்துக்கும் என்ன சம்பந்தம்? நம் உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவிகிதம்தான். ஆனால், உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவிகிதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு வேலை நடக்கும் இடத்தில் கழிவும் அதிகம், ரத்த ஓட்டத்தின் தேவையும் அதிகம். ஆந்தோசயனினும் அதன் உறவுக்காரப் பொருள்களும் (மொத்தமாக இவற்றை பாலிஃபீனால் என்பார்கள்) ரத்தக்குழாயின் உட்சுவர் நன்றாக விரிந்து கொடுக்க உதவுகின்றன. வீக்கத்தைத் தூண்டும் வேதிச் செய்திகளைத் தணிக்கின்றன. ரத்தக்குழாய் நன்றாக இருந்தால் மூளைக்குப் போகிற ரத்தமும் நன்றாக இருக்கும். ஆய்வாளர்கள் முக்கியமாகக் கவனிக்கும் வழி இதுதான்.

ஒரு விஷயம்... நாம் தின்னும் ஆந்தோசயனினில் மிகச் சிறிய பங்குதான் அப்படியே ரத்தத்தில் சேர்கிறது. மீதி பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் பாக்டீரியாக்களால் சின்னச் சின்னப் பொருள்களாக உடைக்கப்பட்டு, அதன்பின் உடலில் சேர்கிறது. அதனால், பழத்தின் பலன் பழத்தை மட்டுமல்ல, உங்கள் குடலையும் பொறுத்தது.

எலியிலிருந்து மனிதர் வரை... ஆய்வுகள் சொன்னது என்ன?

1999: அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கும் முதுமை ஊட்டச்சத்து ஆய்வு மையத்தில், ஜேம்ஸ் ஜோசப் குழுவினர் 19 மாத வயதான கிழட்டு எலிகளுக்கு 8 வாரங்கள் புளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி, பசலை வகைக் கீரை ஆகியவற்றின் சாரம் கலந்த தீனி கொடுத்தார்கள். எலிகளின் நினைவாற்றலில் முன்னேற்றம் தெரிந்தது. புளூபெர்ரி தின்ற எலிகள், உடலைச் சமநிலையில் வைத்து நடப்பதிலும் தேறின. 'பெர்ரியும் மூளையும்' என்ற பேச்சு பரவலானது இதற்குப் பிறகுதான்.

2005: புளூபெர்ரி தின்ற எலிகளின் மூளைக்குள்ளேயே ஆந்தோசயனின் தடயம் கண்டுபிடிக்கப்பட்டது. அதாவது, மூளையைச் சுற்றி இருக்கும் காவல் அரணைத் தாண்டி அது உள்ளே போகிறது.

2010: சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில், மறதி தொடங்கியிருந்த முதியவர்களுக்கு 12 வாரங்கள் காட்டு புளூபெர்ரி ஜூஸ் கொடுத்துப் பார்த்தார்கள். நினைவுத் தேர்வுகளில் முன்னேற்றம். ஆனால், ஜூஸ் குடித்தவர்கள் வெறும் 9 பேர்.

2012: பெரிய ஆய்வு இது. அமெரிக்க செவிலியர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வில், 70 வயதைத் தாண்டிய 16,010 பெண்களின் உணவுப் பழக்கத்தையும் நினைவாற்றலையும் ஒப்பிட்டார்கள். ஸ்ட்ராபெர்ரி, புளூபெர்ரி அதிகம் சாப்பிட்டவர்களுக்கு மூளையின் முதுமை இரண்டரை வருடம் வரை தள்ளிப்போயிருந்தது.

2015: சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மோரிஸ் தலைமையிலான குழு 'மைண்ட் டயட்' என்ற உணவுமுறையை முன்வைத்தது. அதில் தனியாகப் பெயர் சொல்லி இடம் கொடுக்கப்பட்ட ஒரே பழ வகை பெர்ரிதான். வாரத்துக்கு இரண்டு முறையாவது சாப்பிட வேண்டும். 923 முதியவர்களைக் கவனித்ததில், இந்த உணவுமுறையைக் கறாராகப் பின்பற்றியவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு 53 சதவிகிதம் குறைவாகத் தெரிந்தது.

படித்ததும் 'ஆஹா' என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். 2012, 2015 ஆய்வுகள் இரண்டும் மக்களைத் தள்ளி நின்று கவனித்தவை. அமெரிக்காவில் வாராவாரம் பெர்ரி வாங்கிச் சாப்பிடுகிறவர், வசதியானவராக, நடைப்பயிற்சி போகிறவராக, டாக்டரை ஒழுங்காகப் பார்க்கிறவராக இருக்க வாய்ப்பு அதிகம். பலன் பழத்தால் வந்ததா, வாழ்க்கை முறையால் வந்ததா என்று முழுசாகப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அதைப் பிரிக்கத்தான் மக்களை இரண்டு குழுவாகக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதிப்பார்கள். 2023-ல் மைண்ட் டயட்டை அப்படிச் சோதித்தார்கள். குடும்பத்தில் மறதி நோய் வரலாறு உள்ள 604 முதியவர்கள், மூன்று வருடங்கள். ஒரு குழுவுக்கு மைண்ட் டயட். இன்னொரு குழு வழக்கமான உணவையே சாப்பிட்டது. இரண்டு குழுவுமே கலோரியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டது. முடிவு? இரண்டுக்கும் நடுவே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை!

அதே 2023-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வில் நல்ல செய்தி வந்தது. 65 முதல் 80 வயது வரையிலான ஆரோக்கியமான 61 பேரில் ஒரு பகுதியினருக்கு தினமும் 26 கிராம் காட்டு புளூபெர்ரி பொடியை 12 வாரங்கள் கொடுத்தார்கள். நினைவாற்றலும் கவனமும் சற்றே மேம்பட்டன. ரத்த அழுத்தமும் கொஞ்சம் குறைந்தது. இந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தது வட அமெரிக்க காட்டு புளூபெர்ரி சங்கம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால், வேறு ஆட்களும் செய்து பார்த்து அதே முடிவு வரும்வரை காத்திருப்பது நல்லது.

மொத்தத்தில், பெர்ரிக்கும் மூளைக்கும் தொடர்பு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பலன் சிறியது, பல வருடப் பழக்கத்தில் வருவது. வந்துவிட்ட மறதி நோயைப் பெர்ரி குணமாக்கியதாக எந்த நம்பகமான ஆய்வும் சொல்லவில்லை.

பழம் சரி... கேப்ஸ்யூல்?

இப்போது அந்த 26 கிராம் பொடிக்கு வருவோம். பழத்தை உறைய வைத்து, ஈரத்தை மட்டும் எடுத்துச் செய்த பொடி அது. 178 கிராம் முழுப் பழத்துக்குச் சமம்; அதில் 302 மில்லிகிராம் ஆந்தோசயனின் இருந்தது. ஒரு கேப்ஸ்யூலுக்குள் 500 மில்லிகிராம் இதே மாதிரி பழப்பொடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வில் கொடுத்த அளவை எட்ட ஒரு நாளைக்கு 52 கேப்ஸ்யூல் விழுங்க வேண்டும்!

'எங்களுடையது பொடி இல்லைங்க, எக்ஸ்ட்ராக்ட்' என்பார்கள். எக்ஸ்ட்ராக்ட் என்றால், பழத்தைத் தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்து, சாரத்தை மட்டும் பிரித்து, அடர்த்தியாக்கி உலர்த்துவது. அடர்த்தி அதிகம் என்பது உண்மைதான். ஆனால், நார்ச்சத்து போய்விடும். சூட்டில் உலர்த்தினால் ஆந்தோசயனினும் கணிசமாகப் போய்விடும். லேபிளில் '10:1' என்று போட்டிருந்தால், 10 கிலோ மூலப்பொருளிலிருந்து 1 கிலோ சாரம் எடுத்தார்கள் என்று மட்டுமே அர்த்தம். அதில் ஆந்தோசயனின் எத்தனை மில்லிகிராம் மிச்சம் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது.

சாரம் உண்மையிலேயே பழத்தினுடையதுதானா என்பது அடுத்த கேள்வி. 2006-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், பில்பெரி (புளூபெர்ரியின் ஐரோப்பிய உறவு) எக்ஸ்ட்ராக்ட் என்று விற்கப்பட்ட சரக்கைச் சோதித்தபோது, அதில் 'அமராந்த்' என்ற செயற்கைச் சிவப்புச் சாயம் கலந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அது அசோ வகைச் சாயம். ஏற்றுமதி ஆர்டருக்கு 'அசோ ஃப்ரீ' சர்ட்டிஃபிகேட் கேட்பார்களே... அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது!

சரி, கலப்படம் இல்லாத நல்ல சாரமாகவே இருந்தால்? திராட்சையில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருளைத் தனியாகப் பிரித்து, அல்சைமர் உள்ளவர்களுக்கு ஒரு வருடம் கொடுத்துச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2015-ல் வெளியானது. 119 பேர் கலந்துகொண்டார்கள். அதிகபட்ச அளவு தினமும் 2 கிராம். நோய் நின்றுவிட்டது என்று சொல்லும்படியான பலன் தெரியவில்லை. இன்னும் சொன்னால், மருந்து எடுத்தவர்களின் மூளைக் கன அளவு மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. வீக்கம் வடிந்ததால்கூட அப்படி இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

பெர்ரியைத் தாண்டி, 'ஞாபகசக்தி சாரம்' என்று உலகமே நம்பியது ஜிங்கோ இலையை. 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேரிடம் சராசரியாக ஆறு வருடங்கள் சோதித்து, 2008-ல் முடிவு வந்தது. ஜிங்கோ மறதி நோயைத் தடுக்கவில்லை.

அடர்த்தியாக்குவதில் ஆபத்தும் உண்டு. நம் பக்கத்து மாநிலமான கேரளாவில், இலும்பிப் புளிச் சாற்றை அதிக அளவில் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டதை 2013-ல் டாக்டர்கள் பதிவு செய்தார்கள். காரணம், அதில் இருக்கும் ஆக்சலேட். மீன் குழம்பில் இரண்டு காய் போட்டால் ஒன்றும் ஆகாது. பழத்தைப் பல மடங்கு சுருக்கிக் குடிக்கும்போது, அதில் இருக்கும் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே சுருங்கி உள்ளே போகும்.

நம்ம ஊர் பெர்ரிகள்!

இறக்குமதி புளூபெர்ரி ஒரு சின்ன டப்பா வாங்கும் காசுக்கு, சீசனில் கிலோ கணக்கில் நெல்லிக்காய் வாங்கலாம். நம்மைச் சுற்றி என்னென்ன இருக்கிறது?

நாவல்: புளூபெர்ரியில் இருக்கும் டெல்ஃபினிடின், பெட்டுனிடின், மால்விடின் வகை ஆந்தோசயனின்கள்தான் நாவலிலும் இருக்கின்றன. சாயக் குடும்பம் ஒன்றே! நாவல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சர்க்கரை நோயைச் சுற்றியே நடந்தவை. அதனால், 'நாவல் மூளையைக் காக்கும்' என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், ஊதா நிறப் பழம் வேண்டும் என்றால் இதைவிடப் பக்கத்தில் வேறு இல்லை. ஆனி, ஆடியில் தள்ளுவண்டியில் வரும். நன்றாகக் கழுவி, லேசாக உப்புத் தூவிச் சாப்பிடுங்கள். தோலில்தான் நிறம் அதிகம். தோலைத் துப்ப வேண்டாம்.

பெரிய நெல்லி: அதியமான் அவ்வைக்குக் கொடுத்த கனி. இதில் ஊதாச் சாயம் கிடையாது. இதன் பலம் வைட்டமின் சி-யும் டானின் வகைப் பொருள்களும். 100 கிராம் நெல்லியில் 250 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. ஆரஞ்சைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். நெல்லியும் நினைவாற்றலும் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளில் நடந்தவை. தினம் ஒரு காயைக் கடித்துச் சாப்பிட்டாலே போதும். தேன் நெல்லி என்றால் சர்க்கரையும், ஊறுகாய் என்றால் உப்பும் கூடவே வரும், கவனம்.

மல்பெரி: பலருக்கும் தெரியாத செய்தி, நம் திருப்பூர் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டை வட்டாரம் தமிழ்நாட்டின் முக்கியமான பட்டுப்புழு வளர்ப்புப் பகுதி. ஏக்கர் கணக்கில் மல்பெரி இருக்கிறது. ஆனால், அங்கே இலைதான் அறுவடை. பழம் யாருக்கும் கணக்கில்லை. கறுத்துப் பழுத்த மல்பெரியில் ஆந்தோசயனின் தாராளம். உடுமலை பக்கம் சொந்தக்காரர் தோட்டம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். சமீபத்தில் மருந்து அடித்தார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பன்னீர் திராட்சை: தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஏறக்குறைய வருடம் முழுக்கக் கிடைக்கும். விதையும் தோலும் சேர்த்து மென்று சாப்பிடுவது நல்லது. தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

சுக்குட்டிப் பழம்: மற்ற ஊர்களில் மணத்தக்காளி. கொங்குப் பக்கம் வேலியோரம் தானாக முளைக்கும். தாவரவியல்படி சுத்தமான பெர்ரி! கறுத்துப் பழுத்ததை மட்டும் சாப்பிட வேண்டும். பச்சைக் காயை அப்படியே மெல்லக் கூடாது. அதில் நச்சுத்தன்மை உள்ள பொருள் உண்டு. கீரையையும் காயையும் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

ஸ்ட்ராபெர்ரி: ஊட்டி, கோத்தகிரி பக்கம் விளைகிறது. மலைக்கு டூர் போகும்போது வாங்குங்கள். சர்க்கரைப் பாகும் க்ரீமும் ஊற்றிக் கொடுப்பதை 'ஹெல்த்துக்கு' என்ற கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அளவு? வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒரு கைப்பிடி. எந்த சீசனில் எது கிடைக்கிறதோ அது. ஜூஸாக்கி வடிகட்டிச் சர்க்கரை போடுவதைவிட முழுப் பழம் நல்லது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்க!

அப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முன்பக்கத்தை விட்டுவிட்டு பின்பக்கத்தைப் படியுங்கள்.

1. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ் எண் 14 இலக்கத்தில் இருக்கிறதா? இது உணவுப் பொருள் விற்க அனுமதி மட்டுமே. 'மூளைக்கு நல்லது என்று அரசு சான்று கொடுத்திருக்கிறது' என்று அர்த்தமில்லை.

2. இந்த வகைப் பொருள்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் இருக்க வேண்டும் என்பது விதி. அது இருக்கிறதா? பின்னால் அதை எழுதிவிட்டு, முன்னால் நோய் தீரும் என்று படம் போட்டிருக்கிறார்களா?

3. ஆந்தோசயனின் எத்தனை மில்லிகிராம் என்று தனியாக எழுதியிருக்கிறதா? '302' என்ற எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. 'அல்சைமர் குணமாகும்', 'மூளை நோய் தீரும்' என்று விளம்பரம் செய்தால் உடனே ஒதுங்குங்கள். 1954-ம் வருடச் சட்டம் ஒன்று, மூளை நோய்கள் உள்பட ஒரு பட்டியலில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் - டாக்டரைக் கேட்காமல் எந்த எக்ஸ்ட்ராக்ட்டையும் தொடவே கூடாது.

மூளைக்குப் பழத்தைவிடப் பெரிய காவல்

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது. ஏறக்குறைய 13 பேரில் ஒருவர்.

இதில் எவ்வளவைத் தடுக்கலாம்? லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரி செய்தால், உலகில் 45 சதவிகித மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. படிப்பு குறைவு, காது கேளாமை, பார்வைக் குறைபாடு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகை, மது, தலைக்காயம், மனச்சோர்வு, உடலுழைப்பு இல்லாமை, தனிமை, காற்று மாசு - இவைதான் அந்த 14. பட்டியலில் எந்தப் பழமும் இல்லை. எந்தக் கேப்ஸ்யூலும் இல்லை.

இந்தப் பட்டியலைத் திருப்பூர் கண்ணோடு படித்துப் பாருங்கள். முதலில் காது. நிட்டிங் மெஷின் பக்கத்தில் ஷிஃப்ட் முழுக்க நிற்பவர்கள், பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறிச் சத்தத்தில் 20 வருடம் வேலை பார்த்தவர்கள்... 'கொஞ்சம் சத்தமாப் பேசு கண்ணு' என்று வீட்டில் சொல்ல ஆரம்பிப்பது வயதால் மட்டும் இல்லை. காது கேட்காதவர் பேச்சைக் குறைத்துக்கொள்வார். பேச்சு குறைந்தால் மூளைக்கு வேலை குறையும். 2023-ல் அமெரிக்காவில் 977 முதியவர்களிடம் நடந்த ஆய்வில், காதுக் கருவி எல்லோருக்கும் ஒரே மாதிரி உதவவில்லை. ஆனால், மறதி வரும் ஆபத்து அதிகமாக இருந்தவர்களுக்கு, மூன்று வருடங்களில் மூளைத் திறன் சரிவது 48 சதவிகிதம் குறைந்தது.  மெஷின் பக்கத்தில் வேலை செய்யும் இளைஞர்கள் காதில் இயர்பிளக் போட்டுக்கொள்ளலாம். விலை மிகக் குறைவு. சத்தத்தை மறைக்க ஹெட்செட்டில் பாட்டை இன்னும் சத்தமாக வைப்பது, எரிகிற நெருப்பில் எண்ணெய்.

அடுத்தது பி.பி., சர்க்கரை. இரண்டும் 40 வயதிலேயே சத்தமில்லாமல் மூளை ரத்தக்குழாயை அரிக்க ஆரம்பித்துவிடும். ஓவர்டைம், பேக்கரி டீ, பப்ஸ் என்று ஓடும் வாரத்தில் செக்கப்புக்கு நேரம் இருக்காது. ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட்டிலிருந்து பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. வீட்டில் பெரியவர்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள்.

மறதிக்கு முதல்ல டாக்டர்!

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது சாதாரணம். சாவி எதற்கு என்றே குழம்புவது சாதாரணம் இல்லை. பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, காசு எண்ணிக் கொடுப்பதில் திடீர்த் தடுமாற்றம், ஒரே கேள்வியை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்பது, குணமே மாறிப்போவது... இவற்றில் எது தெரிந்தாலும் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

ஏனென்றால், மறதி எல்லாமே அல்சைமர் கிடையாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் - இவையும் அச்சு அசலாக மறதி நோய் மாதிரியே தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனையிலோ, மாத்திரைச் சீட்டைப் பார்த்தோ கண்டுபிடித்து, பெருமளவு சரிசெய்ய முடியும். கேப்ஸ்யூலின் உண்மையான ஆபத்து இங்கேதான். அது உடம்பைக் கெடுக்காவிட்டாலும், 'மருந்து கொடுக்கிறோமே' என்ற நிம்மதியில் ஆறு மாதம் ஓடிவிடும். பி12 குறைவு மாதிரிப் பிரச்னைகளில் அந்த ஆறு மாதம் திரும்பக் கிடைக்காது.

பெரியவர்களுக்கான உதவி, ஆலோசனை எதுவானாலும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். பார்த்துக்கொள்கிறவர்களுக்கே மனம் தளர்ந்துபோனால், 14416 என்ற 'டெலி மானஸ்' எண் இருக்கிறது. இரண்டுமே இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த சனிக்கிழமை சம்பளம் வந்ததும் அந்த விளம்பரம் மறுபடியும் வரும். டப்பாவுக்கு வைத்திருந்த காசில் அரை கிலோ பன்னீர் திராட்சையும் கால் கிலோ நெல்லியும் வாங்கலாம். மிச்சத்தில் அம்மாயிக்கு ஒரு பி12 டெஸ்ட்டுக்குப் பணம் சேர்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை லீவுதானே... பழத்தைக் கழுவி வைத்துவிட்டு, அவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுங்கள். லான்செட் பட்டியலில் இருக்கும் 'தனிமை'க்கு அதுவும் ஒரு மருந்துதான்.